துணைநூற்பட்டியல் தட்டியவன் சொல்லும் கதை

சென்ற மாதம் பேத்தி போன் செய்தாள். குரலே சரியில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி எட்டு மாதம் பாடுபட்டு எழுதிய கட்டுரையை ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாள். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டதாம்.

"யாரும் படிக்கக்கூட இல்லை தாத்தா. ரெஃபரன்ஸ் எங்கள் இதழின் வடிவத்தில் இல்லை, திருத்தி அனுப்பவும்னு ஒரே வரி. வருஷத்துக்கு அடைப்புக்குறி போட்டிருக்கேனாம், போடக்கூடாதாம். இதழ் பெயரை முழுசா எழுதியிருக்கேனாம், சுருக்கணுமாம். நான் கண்டுபிடிச்சது சரியா தப்பான்னு பார்க்கிறதை விட்டுட்டு கமாவை எண்ணிக்கிட்டு இருக்காங்க. யார் தாத்தா இதையெல்லாம் ஏற்படுத்தினது?"

அவள் கோபத்தில் கேட்டாள். ஓய்வு பெற்றவனிடம் கோபத்தில்கூடக் கேள்வி கேட்கக் கூடாது. உட்கார்ந்து பதில் தேட ஆரம்பித்துவிடுவான். அதிலும் இந்தக் கேள்வி என் தொழிலைத் தொட்ட கேள்வி. பல்கலைக்கழகத் துறை ஒன்றின் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து 31 ஆண்டுகள் இருந்தவன் நான். எத்தனை ஆய்வேடுகள் என் கைவிரல் வழியாகப் போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. உள்ளே எழுதியிருந்தது பாதி எனக்குப் புரியாது. ஆனால் கடைசியில் வரும் துணைநூற்பட்டியல் இருக்கிறதே, அதில் நான்தான் அதிகாரி.

அந்தக் காலத்து வேலையை இப்போதைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டைப்ரைட்டரில் சாய்வெழுத்து கிடையாது. நூலின் பெயரைச் சாய்வெழுத்தில் காட்ட வேண்டுமானால் அடிக்கோடு இடுவோம். அச்சகத்தில் அச்சுக்கோப்பவர் அதைப் பார்த்துச் சாய்வெழுத்தில் கோப்பார். அடிக்குறிப்பு எண்ணைச் சற்று மேலே தூக்கிப் போட, உருளையை அரை வரி திருப்பிப் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும். பக்கத்தின் அடியில் எத்தனை வரி அடிக்குறிப்பு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த இடத்தில் பென்சிலால் லேசாக ஒரு புள்ளி வைத்துக்கொள்வோம். கணக்குத் தப்பினால் பக்கம் முழுவதும் மறுபடி. கார்பன் வைத்து நான்கு பிரதி எடுக்கும்போது ஒரு கமா தப்பினால் நான்கு தாளிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும்.

எண் முறையில் சான்று காட்டும் கட்டுரையாக இருந்தால் தொலைந்தோம். ஆசிரியர் கடைசி நேரத்தில் வந்து, "ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு, ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவுல சேர்த்துடுங்க" என்பார். ஒன்றுதான். ஆனால் எட்டு ஒன்பதாகும், ஒன்பது பத்தாகும், கட்டுரை நெடுக அத்தனை எண்ணும் நகரும். பெயரும் ஆண்டும் போடும் முறையில் அந்த வம்பு இல்லை. எங்கே வேண்டுமானாலும் ஒன்றைச் செருகலாம், மற்றவை அசையாது. அந்த முறையைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அவர் பெயர் எனக்குத் தெரிய வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

எட்வர்ட் லாரன்ஸ் மார்க். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். அவர் 1881ல் ஓட்டில்லாத நத்தை இனம் ஒன்றின் முட்டை எப்படி முதிர்ந்து, கருவுற்று, பிளந்து வளர்கிறது என்று நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகம் அதை வெளியிட்டது. அந்தக் கட்டுரையில்தான், வரிக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர், பக்கத்தில் ஆண்டு, முழு விவரம் கடைசியில் பட்டியலாக, என்ற ஏற்பாடு முதன்முதலாகத் தென்படுகிறது. இதைத் தேடிக் கண்டுபிடித்து 1988ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர் எலி செர்னின். உலகமெங்கும் இதை 'ஹார்வர்ட் முறை' என்கிறார்கள். பெயர் வந்த கதை இன்னும் வேடிக்கை. இங்கிலாந்திலிருந்து ஹார்வர்ட் நூலகத்துக்குப் போன யாரோ ஒருவர் இந்த ஏற்பாட்டைப் பார்த்து மெச்சி, ஊருக்குத் திரும்பி 'ஹார்வர்ட் முறை' என்று சொல்லிவைத்தாராம். இதுவும் செவிவழிச் செய்திதான். சான்று காட்டும் முறையின் பெயருக்கே சான்று இல்லை! ஹார்வர்ட் முறை என்ற பெயரில் ஒரே ஒரு அதிகாரபூர்வக் கையேடும் கிடையாது. ஆண்டுக்குப் பின் கமாவா புள்ளியா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

மார்க்குக்கு முன்னால் எல்லாம் அடிக்குறிப்பு ராஜ்ஜியம். அதிலும் சண்டை இருந்திருக்கிறது. ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய கிப்பன், 1776ல் முதல் தொகுதி வெளிவந்தபோது குறிப்புகளை எல்லாம் புத்தகத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்திருந்தார். தத்துவஞானி டேவிட் ஹியூம் அப்போது நோயாளி. புத்தகத்தைப் படித்துப் பாராட்டியவர், பதிப்பாளர் ஸ்ட்ராஹனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஒவ்வொரு குறிப்புக்கும் கடைசிப் பக்கத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, பல சமயம் அங்கே போனால் நூற்பெயர் மட்டும்தான் இருக்கிறது, இவற்றைப் பக்க ஓரத்திலோ அடியிலோ அச்சிடக் கூடாதா என்று. பின்னர் வந்த பதிப்பில் குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டன. சில மாதங்களில் ஹியூம் இறந்துபோனார். சாகக் கிடந்த மனிதர் கவலைப்பட்ட விஷயம் அது.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். யார் ஏற்படுத்தினது? பெரிய பெரிய அறிஞர்கள் மாநாடு கூட்டி முடிவு செய்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொஞ்சம் அப்படியும் உண்டு. ஆனால் ஆரம்பத்தைத் தேடிப் போனால் என்னைப் போன்ற ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 1891ல் தொடங்கப்பட்டது. பேராசிரியர்கள் தங்கள் கையெழுத்துப் பிரதியை நேராக அச்சுக்கோப்பவரிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒரு தினுசு, ஒவ்வொருவர் வழக்கமும் ஒரு தினுசு. அச்சுக்கோப்பவர் அதைப் படித்துப் புரிந்து எழுத்தைக் கோத்து, மெய்ப்பு திருத்துபவர்களின் அறைக்கு அனுப்புவார். அந்த அறைக்கு 'மூளைக் கூடம்' என்கிற பொருளில் ஒரு செல்லப்பெயரே இருந்தது. அங்கே இருந்தவர்கள்தான் முரண்பாடுகளைத் தீர்த்துவைத்தார்கள். ஒரே வம்பைத் தினமும் புதிதாகத் தீர்க்க முடியுமா? இதற்கு இப்படி, அதற்கு அப்படி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்கள். தாள் சிறு பிரசுரமாகி, 1906ல் புத்தகமாக வந்தது. இன்று ஆய்வுலகமே வேதம்போல் மதிக்கும் சிகாகோ கையேட்டின் பிறப்பு அதுதான். 2024ல் பதினெட்டாம் பதிப்பு வந்திருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தில் கேட் டுராபியன் என்று ஒரு அம்மாள். 1930 முதல் 1958 வரை ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலாளர். மாணவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் அவருடைய ஆய்வேட்டின் வடிவம் இந்த அம்மாளின் மேஜையைக் கடக்காமல் போக முடியாது. மாணவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டதால் 1937ல் ஒரு சிறு கையேடு தயாரித்தார். அது பிறகு புத்தகமாகி, பதிப்புமேல் பதிப்பாக வந்து, பல லட்சக்கணக்கில் விற்றது. அம்மாள் கல்லூரிப் பட்டம் பெற்றவர் இல்லை. இதைப் படித்த அன்று நான் என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "உங்களுக்கும் எழுதத் தோணியிருக்கலாமே" என்றாள். தோன்றவில்லை, என்ன செய்வது.

உளவியலாளர்கள் வழி வேறு. அமெரிக்காவில் 1928ல் மானுடவியல், உளவியல் இதழாசிரியர்கள் சிலர் கூடிப் பேசி, அடுத்த ஆண்டு ஏழே பக்கத்தில் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். ஏபிஏ முறை என்று மாணவர்கள் தலையில் கைவைத்துக்கொள்ளும் முறைக்கு அந்த ஏழு பக்கம்தான் விதை. இன்று அந்தக் கையேடு 400 பக்கத்துக்கு மேல். அடுத்து ஆங்கில இலக்கியக்காரர்கள் 1951ல் எம்எல்ஏ என்று தங்களுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். துறைக்கு ஒன்று, பிறகு இதழுக்கு ஒன்று. இப்போது கணினி மென்பொருள்களுக்காகத் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல் ஒன்றில் 10,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. பத்தாயிரம் விதமாக ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்ல மனிதனால் முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இந்தப் பெருக்கத்தின் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஓர் இதழ் கட்டுரையை ஏற்கவில்லை என்றால் பேராசிரியர் அடுத்த இதழுக்கு அனுப்புவார். உள்ளே ஒரு சொல் மாறாது. பட்டியல் மட்டும் அடியோடு மாறும். முன்னதில் ஆசிரியர் பெயர், கமா, இனிஷியல். பின்னதில் இனிஷியல் முதலில். முன்னதில் தொகுதி எண் தடித்த எழுத்தில், பின்னதில் அடிக்கோடு. ஒரே பட்டியலை மூன்று இதழுக்கு மூன்று மாதிரி நான் தட்டியிருக்கிறேன்.

மருத்துவ இதழாசிரியர்களுக்கு ஒரு கட்டத்தில் இது உறைத்தது. 1978 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் நகரில் சிலர் கூடினார்கள். நோக்கம் எளியது: எந்த இதழுக்கு அனுப்பினாலும் ஒரே வடிவில் அனுப்பலாம் என்று ஓர் ஏற்பாடு. சான்றுப் பட்டியலின் வடிவத்தை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் அமைத்துக் கொடுத்தது. 1979ல் விதிகள் வெளிவந்தன. கூடிய ஊரின் பெயரே முறைக்கு நிலைத்துவிட்டது. வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, சுருக்கிய இதழ்ப் பெயர், ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி, முக்காற்புள்ளி, பக்கம். தேவையில்லாத ஒரு புள்ளிகூட இல்லை. பார்த்தவுடன் எனக்குப் பிடித்த முறை இதுதான், எண் நகரும் தொல்லை இருந்தாலும். ஒன்று மட்டும் உறுத்தும். ஆசிரியர்கள் அதிகமானால் முதல் சிலர் பெயரைப் போட்டுவிட்டு 'பிறரும்' என்று முடித்துவிடலாம். அந்தப் 'பிறரில்' இரவெல்லாம் ஆய்வகத்தில் கண்விழித்த பையன் இருப்பான்.

'சரி தாத்தா, ஒரு புள்ளி தப்பினால் என்ன குடி முழுகிவிடும்?' என்று அவள் கேட்பாள் என்று தெரியும். எனக்கும் இளவயதில் அந்த எண்ணம் இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு கதை.

செக் நாட்டின் பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹ்லாவா என்ற மருத்துவர். சீதபேதிக்கு அமீபா காரணமா என்று ஆராய்ந்து 1887ல் தன் தாய்மொழியான செக்கில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பு 'ஓ ஊப்லவிட்சி'. செக் மொழியில் 'சீதபேதியைப் பற்றி' என்று பொருள். எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்த கார்ட்டுலிஸ் என்ற மருத்துவர் அதன் சுருக்கத்தை ஒரு ஜெர்மன் இதழில் எழுதினார். எழுதும்போது தலைப்பை ஆசிரியர் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். 'ஓ' இனிஷியல், 'ஊப்லவிட்சி' பெயர்! அவ்வளவுதான், டாக்டர் ஓ. ஊப்லவிட்சி பிறந்துவிட்டார். மூலக் கட்டுரையை எடுத்துப் பார்க்காதவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அவரை மேற்கோள் காட்டினார்கள். பட்டியல்களில் ஏறினார். ஐம்பது ஆண்டு செழிப்பாக வாழ்ந்தார். பாடுபட்ட ஹ்லாவா காணாமல் போனார். 1938ல் கிளிஃபர்ட் டோபெல் என்ற ஆங்கில ஒட்டுண்ணியியல் அறிஞர் உண்மையைக் கண்டுபிடித்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பில் டாக்டர் ஊப்லவிட்சியின் பெயரைப் போட்டு, பக்கத்தில் இரங்கல் குறிப்பில் போடுவதுபோல் '1887–1938' என்று பிறப்பும் இறப்பும் போட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு.

வெள்ளைக்காரர்களை மட்டும் சிரித்து என்ன பயன்? என் பேத்தியின் முதல் கட்டுரை வந்தபோது எங்கள் வீட்டிலேயே ஓர் ஊப்லவிட்சி பிறந்தார். இணையப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி தகப்பன் பெயரைப் போட்டாள். கட்டுரை வெளிவந்து பட்டியல்களில் ஏறியபோது அவள் வெறும் இனிஷியலாகச் சுருங்கி, என் மகன் ஆசிரியராகிவிட்டான். அவன் பைப்பும் நட்டும் விற்கிற ஹார்டுவேர் கடைக்காரன். கட்டுரையைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டட்டுமா என்று கேட்டான். தென்னிந்தியப் பெயர்களின் இந்தச் சங்கடத்தை நன்றாக அறிந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவருடைய பெயரிலேயே சீயாழி ஊர், ராமாமிர்தம் தகப்பனார், ரங்கநாதன்தான் அவர். நூல்களைப் பட்டியலிடும் விதிகளை அவர் 1934ல் நூலாக வெளியிட்டபோது நம்மவர் பெயர்களை எந்தச் சொல்லின்கீழ் பதிவது என்பதையும் யோசித்தார். இணையப் படிவம் செய்கிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஊப்லவிட்சி பிறந்த அதே 1887ல் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்து வெளியிட்டார். அந்த உரையில் ஏராளமான மேற்கோள்கள். பழைய உரைகாரர்கள் வரியைச் சொல்வார்கள், அது எந்த நூலில் இருக்கிறது என்று பல இடங்களில் சொல்ல மாட்டார்கள். கேட்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. நூற்றாண்டுகள் கழிந்தபின் கேட்கிறவனுக்குத் தெரியவில்லை, ஏடுகளும் கண்மறைவாகிவிட்டன. இந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஐயர் தேடித் தேடிப் போனதில்தான் சங்க நூல்களின் ஏடுகள் எவ்வளவு முக்கியமானவை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. பின்னால் தாம் பதிப்பித்த நூல்களில் அவர் அடிக்குறிப்புகளை எவ்வளவு கவனமாகப் போட்டார் என்று அந்தப் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். முகவரி இல்லாத கடிதங்களை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர் அல்லவா.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன். 1979 வாக்கில் ஓர் ஆய்வேட்டுக்குப் பட்டியல் தட்டினேன். அதில் ஓர் ஆங்கிலக் கட்டுரை, ஆண்டு 1946. என் விரல் 1964 என்று தட்டிவிட்டது. மெய்ப்பு பார்த்த மாணவர் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஆய்வேடு ஏற்கப்பட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதே துறையில் மூன்று ஆய்வேடுகள் வந்தன. மூன்றிலும் அந்தக் கட்டுரை, மூன்றிலும் 1964. இரண்டை நானேதான் தட்டினேன், என் தவறு எனக்கே திரும்பி வருவது தெரியாமல்.

நான்காவதாக ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். பட்டியலைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றாள். "சார், இந்த ஒண்ணை மட்டும் அப்புறமா தட்டுங்க. நூலகத்துல ரெண்டு நாளா 1964 தொகுதியைப் புரட்டுறேன், இந்தக் கட்டுரை இல்லை. தொகுதி எண்ணும் ஆண்டும் ஒத்துவரலை" என்றாள். நான் என்னிடம் வரும் பட்டியல்களின் விவரங்களை ஐந்துக்கு மூன்று அங்குல அட்டைகளில் எழுதிப் பழைய செருப்புப் பெட்டி ஒன்றில் வைத்திருப்பேன், அகர வரிசைப்படுத்த வசதி. பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். முதல் மாணவரின் கையெழுத்தைப் பார்த்து நான் எழுதிய அட்டையில் தெளிவாக 1946 என்று இருந்தது. தொகுதி எண்ணும் அதற்குப் பொருந்தியது.

அப்படியானால் நடுவில் வந்த மூன்று பேரும்? அந்தக் கட்டுரையை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஆண்டு சரியாக வந்திருக்கும். மூவருமே முதல் ஆய்வேட்டின் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டவர்கள். துறையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். "விடுங்க, இதையெல்லாம் யார் பார்க்கப் போறா" என்று சிரித்தார். அந்தப் பெண் பார்த்தாளே என்று சொல்ல வாய் வந்தது; சொல்லவில்லை. தட்டச்சர் சொல்லக்கூடிய பேச்சு இல்லை அது.

என் அனுபவம் எங்கோ ஒரு மூலையில் நடந்த சங்கதி என்று நினைத்திருந்தேன். 2003ல் கலிஃபோர்னியாவில் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் இதையே கணக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இயற்பியலில் புகழ்பெற்ற ஒரு கட்டுரையை 4,300 முறைக்கு மேல் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் 196 இடங்களில் தொகுதி, பக்கம், ஆண்டு என்று ஏதோ ஒன்று தப்பு. தப்புகள் தனித்தனியாக நேர்ந்திருந்தால் 196 விதமாக அல்லவா இருக்க வேண்டும்? 45 விதம்தான். ஒரே தப்பு 78 முறை வந்திருந்தது. மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். என் மூன்று ஆய்வாளர்களும் இந்தக் கணக்குக்குள் அழகாக அடங்குவார்கள்.

தப்பான வடிவத்தால் நேர்ந்தவை இவை. சரியான வடிவத்தாலும் விபரீதம் வரும் என்பதை நான் சமீபத்தில்தான் அறிந்தேன். ஒரு பெரிய பதிப்பகம், பட்டியலை எப்படி எழுதுவது என்று ஆசிரியர்களுக்கு மாதிரி காட்டுவதற்காக ஒரு சான்றை வைத்திருந்தது. வான் டெர் கீர் முதலிய மூவர், 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை', ஆண்டு 2000, தொகுதி 163, பக்கம் 51 முதல் 59 வரை. ஆனால் அப்படி ஒரு கட்டுரை கிடையாது, அந்தப் பெயரில் இதழும் கிடையாது. வெறும் மாதிரி. ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகத்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அந்தக் கட்டுரையைத் தேடிப் போய்க் காணாமல் விழித்தார். ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியை அதைத் துருவி 2017ல் எழுதினார். இல்லாத அந்தக் கட்டுரையை ஏறக்குறைய 400 கட்டுரைகள் சான்றாகக் காட்டியிருந்தன. மாதிரி வரியை அழிக்க மறந்தவர்கள் பலர் இருந்திருக்கலாம். ஆனால் வடிவம் பிசகவில்லை பாருங்கள், கமா எல்லாம் கச்சிதம். என் பேத்தியைத் திருப்பி அனுப்பிய அலுவலகம் அதை மலர் தூவி வரவேற்றிருக்கும்.

2023ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டினார்கள். வழக்கின் பெயர், தொகுதி, பக்கம், ஆண்டு எல்லாம் முறைப்படி இருந்தன. அந்த வழக்குகள்தான் நடக்கவே இல்லை. 5,000 டாலர் அபராதம் விதித்தார் நீதிபதி.

இவ்வளவையும் பேத்தியிடம் இரண்டு நாள் போனில் சொன்னேன். பாதிக்குமேல் 'ம்' கொட்டிக்கொண்டு வேறு வேலை செய்திருப்பாள். ஊப்லவிட்சி கதைக்கு மட்டும் சத்தமாகச் சிரித்தாள். வடிவத்தை மாற்றுவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. மென்பொருளில் இதழின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் 58 சான்றுகளும் ஒரு நொடியில் உருமாறிவிடுமாம். நான் ஒரு மாதம் தட்டிய வேலை. "அப்புறம் எதுக்கம்மா அழுதே?" என்றேன். "அழலை, கோபம்" என்றாள்.

"உருமாறட்டும். அனுப்பறதுக்கு முன்னால ஐம்பத்தெட்டையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துடு பாப்பா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். நான்கு நாள் ஆயிற்று. இரண்டில் பக்க எண் தப்பு. ஒன்றில் ஆசிரியர் பெயர் முன்பின்னாக இருந்தது, தமிழ்ப் பெயர்தான். இன்னும் ஒன்று, வேறொருவர் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்தது, மூலம் அவளிடம் இல்லை. நூலகம் மூலம் வரவழைத்துப் படித்தாள். அதில் அவள் எழுதியிருந்ததற்கு நேர் எதிராக இருந்தது.

அன்று இரவு பத்து மணிக்குமேல் போன் செய்தாள். அந்தச் சான்றையும், அதை நம்பி எழுதிய இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிட்டாளாம். அந்தப் பத்தியைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது என்றாள். போன வெள்ளிக்கிழமை 57 சான்றுகளோடு கட்டுரை போயிருக்கிறது. பெயர்க் கட்டத்தில் இந்த முறை தன் பெயரையே போட்டிருக்கிறாள். இதழிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.